கொம்பனி கொடுத்த மூன்று கொம்பியூட்டர்கள்

சென்ற மாதம் ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கிளை திறந்திருக்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலையாம். அவர்கள் ஒரு பாடசாலைக்குக் கணினிகள் கொடுக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் இங்கே பாடசாலைக்குக் கணினி பூட்டிய ஆள் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அங்கிள், ஐந்நூறு சொல்லுக்குள்ள எழுதித் தந்தால் காணும். கொஞ்சம் பொசிற்றிவா இருந்தால் நல்லம். யுத்தம் ஒண்டும் வேண்டாம்.”

எண்பத்து மூன்றிலிருந்து தொண்ணூற்றைந்து வரையான கதையை யுத்தம் இல்லாமல் எழுதுவதற்கு ஐந்நூறு சொல் தேவைப்படாது, ஐந்தே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல பிள்ளையாக இருந்தாள். சொல்லவில்லை. மலருக்கு ஐந்நூறு சொல் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் இடம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது கொழும்பில், ரைப்ரைட்டரும் கணக்கு மெஷினும் விற்ற ஒரு கொம்பனியில். பெயர் வேண்டாம். கொம்பனி இப்போது இல்லை, ஆனால் அதில் இருந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். முதல் ஆறு மாதம் ரைப்ரைட்டரின் தூசியைத் தூரிகையால் தட்டப் பழக்கினார்கள். அடுத்த ஆறு மாதம் தட்டியும் போகாத தூசியை மண்ணெண்ணெயில் கழுவப் பழக்கினார்கள். அதற்கடுத்த வருடம்தான் திருகாணியைத் தொட விட்டார்கள். எண்பத்து மூன்று ஆடியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டை எரித்தார்கள். அகதி முகாமில் பத்து நாள் கிடந்து, சரக்குக் கப்பலில் ஏறி, உடுத்த சாரத்தோடு காங்கேசன்துறையில் இறங்கினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. “உமது சொந்த வேண்டுகோளின் பேரில் நீர் யாழ்ப்பாணக் கிளைக்கு மாற்றப்பட்டுள்ளீர்” என்று எழுதியிருந்தது. நான் வேண்டிக்கொண்டது எந்த நாள் என்பதற்கும் ஒரு திகதி போட்டிருந்தார்கள். அன்று நான் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன்.

யாழ்ப்பாணக் கிளையின் மனேஜர் நடேசபிள்ளை. உடுவிலில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலம் படித்து, கொம்பனியில் கிளார்க்காகத் தொடங்கி மனேஜரானவர். மூன்று கோடு திருநீறு, வெள்ளை நஷனல் சட்டை, கக்கத்தில் ஒரு பழுப்பு ஃபைல். அவருடைய வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. ‘ஓம்’ என்ற சொல்லும் வந்ததில்லை. எதைக் கேட்டாலும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “உது வந்து யோகநாதன்...” என்று தொடங்குவார். வசனம் அங்கேயே நிற்கும். பிறகு, “கொழும்புக்கு எழுதுவம்” என்பார்.

எழுதுவார். அது பொய்யில்லை. மூலப்பிரதி ஒன்று, கார்பன் பிரதி இரண்டு. மேசைக்கு ஒரு கால் உடைந்தால்கூடக் கொழும்புக்கு எழுதி, பதில் வரும்வரை மேசைக்கடியில் செங்கல் வைப்பார். பதில் வந்த பிறகும் சில செங்கல்கள் இருந்தன. பதிலில் தச்சன் என்ற சொல் இருக்கவில்லை என்பது காரணம்.

எண்பத்தாறில் கொம்பனி கொம்பியூட்டர் விற்கத் தொடங்கியது. என்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டு மூன்று கிழமைப் பயிற்சி தந்தார்கள். அதில் மெஷினைத் தொட்டது இரண்டு நாள்தான். மற்ற நாட்களில் மெஷினைப் பெரிய ஆட்களுக்குக் காட்டக் கொண்டுபோயிருந்தார்கள். நாங்கள் படத்தில் படித்தோம்.

அந்த மெஷின்களைச் செய்த வெளிநாட்டுக் கொம்பனிக்கு ஒரு கொள்கை இருந்தது. தாங்கள் விற்கும் நாடுகளில் கல்வி, ஆராய்ச்சி, சமூகம் மூன்றையும் ஆதரிக்க வேண்டும் என்பது கொள்கை. கொழும்பில் கல்விக்குக் கொடுத்துவிட்டார்கள். நாடு முழுவதற்கும் கொடுத்ததாக எழுத வேண்டியிருந்ததால் எங்களுக்கும் கிடைத்தது. நல்லூருக்குக் கிட்ட ஒரு பெண்கள் பாடசாலைக்கு மூன்று கொம்பியூட்டர், ஒரு பிறிண்டர். கூடவே ஒரு கட்டுப் படிவம்.

படிவம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் மூன்று கட்டங்கள்: கல்வி, ஆராய்ச்சி, சமூகம். ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது, எத்தனை பேர் பயனடைந்தார்கள், படம் இணைக்கப்பட்டுள்ளதா என்று கேள்வி. படத்தில் கொம்பனியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கீழே சிவப்பு மையில் இருந்தது.

திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து வரவிருந்த டிரெக்டர், பாதை சரியில்லை என்று தன் பேச்சை மட்டும் அனுப்பினார். நடேசபிள்ளை சேர் அதை வாசித்தார். “உங்களை நேரில் காண்பதில் பெருமகிழ்ச்சி” என்ற இடத்தையும் விடாமல் வாசித்தார். அதிபர் அம்மா குத்துவிளக்கு ஏற்றினார். நான் சுவிட்சைப் போட்டேன். கரண்ட் நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்; அதுதான் நிகழ்ச்சி என்று நினைத்திருக்க வேண்டும்.

அதிபர் அம்மா கண்டிப்பானவர், நேர்மையானவர். இவ்வளவு பெறுமதியான பொருளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதில் அவருக்கு இருந்த கவனம் கொம்பனிக்குக்கூட இருக்கவில்லை. முதல் தவணை பிள்ளைகள் யன்னலால் பார்க்கலாம் என்றார். மனையியல் வகுப்பு மெஷின்களுக்குப் பூவேலை செய்த சட்டை தைத்தது. இரண்டாம் தவணை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சட்டையைப் பார்க்கலாம் என்றார். விசைப்பலகையை மட்டையில் வரைந்து வகுப்பில் கொடுத்திருந்தார்கள். மட்டையில் அந்தப் பிள்ளைகள் நல்ல வேகமாக அடித்தார்கள்.

கல்விக் கட்டத்தில் “எண்பது மாணவியர்” என்று நாங்கள் எழுதினோம். பொய்யில்லை, எண்பது பேரும் பார்த்தவர்கள். சமூகக் கட்டத்தில் பெற்றோர் தினம் வந்தது. ஆராய்ச்சிக் கட்டம்தான் ஒவ்வொரு தடவையும் வெறுமையாகப் போனது. வெறுமையாக ஒரு கட்டம் போவது நடேசபிள்ளை சேருக்கு வயிற்றில் கல்லைப் போல.

“உது வந்து... ஆராய்ச்சி எண்டு ஏதும்...” என்று ஒருநாள் பாடசாலை அலுவலகத்தில் இழுத்தார்.

அப்போது அங்கே கொப்பி திருத்திக்கொண்டிருந்த கணித ஆசிரியை சிவமலர் ரீச்சர் தலையை நிமிர்த்தினார். “நான் ஒரு ஆராய்ச்சி செய்யிறன். ஆனால் எனக்கு மெஷின் அறைத் திறப்பு வேணும்,” என்றார்.

ரீச்சரின் அண்ணை எண்பத்தேழு ஐப்பசியில் ஷெல் பட்டு இறந்தவர். காயம் சாகிற காயம் இல்லையாம். இரத்தம் போய்த்தான் இறந்தார். அவருக்குப் பொருந்தும் இரத்தம் தேடி ரீச்சர் சைக்கிளில் ஓடாத இடமில்லை. எட்டாம் நாள் செலவுச் சடங்குக்கு வந்த ஒரு மனிசன், இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர், “என்ரையும் அந்த வகைதானே, ஒருத்தரும் வந்து கேக்கேல்லையே,” என்று அழுதாராம். அந்த வசனத்தைச் சொல்லும்போது ரீச்சரின் குரலில் ஒரு மாற்றமும் இருக்காது. கரும்பலகையில் கணக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வார்.

பட்டணத்தில் கோட்டைக்குக் கிட்ட ஓர் இரத்ததானச் சங்கம் இருந்தது. அவர்களிடம் இரத்தம் கொடுத்தவர்களின் அட்டைகள் பெட்டி பெட்டியாக இருந்தன. யார் எப்போது வந்தார்களோ அந்த வரிசையில் அடுக்கியிருந்ததால் அவசரத்துக்கு ஒன்றும் எடுக்க முடியாது. ரீச்சர் உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த அட்டைகள் எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஏற்றத் தொடங்கினார். பெயர், இரத்த வகை, ஊர், கடைசியாகக் கொடுத்த திகதி, வீட்டுக்கு அடையாளம். அடையாளத்தைப் பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்கு எழுதினார்கள். “புளியடி ஒழுங்கை, இடப்பக்கம், வெள்ளை நாய், கடிக்காது.”

படிவத்தில் நாங்கள் “வலிகாமத்து மக்களின் இரத்த வகைகள் பற்றிய ஆராய்ச்சி” என்று எழுதினோம். கொழும்பில் சந்தோசப்பட்டார்கள். கட்டம் நிரம்பியதில் சேருக்கு முகம் வெளித்தது. அதிபர் அம்மா, ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு மரியாதை வைத்து அறைச் சாவியைக் கொடுத்தார். ஒரு வருடம் அந்தப் பிள்ளைகள் மட்டையில் அல்ல, மெஷினில் அடித்தார்கள். எங்கள் திட்டத்தால் யாராவது கொம்பியூட்டர் படித்தார்கள் என்றால் அது ஆராய்ச்சிக் கட்டத்தின் கீழ்தான்; கல்விக் கட்டத்தின் கீழ் அல்ல.

தொண்ணூறு ஆனியில் யுத்தம் மறுபடி தொடங்கியது. கரண்ட் நின்றது, இந்தத் தடவை நிரந்தரமாக. கோட்டையைச் சுற்றிய சண்டையில் இரத்ததானச் சங்கத்தின் கட்டடம் அட்டைகளோடு தரைமட்டமானது. எங்கள் கிளையும் கூரை போய், உடுவிலில் சேரின் வீட்டு முன்னறைக்கு இடம் மாறியது. ஒரு மேசை, ஒரு ரைப்ரைட்டர், சாமான் அடுக்க ஒரு இறாக்கை. மேசைக்கு நான்கு காலும் சரியாக இருந்தன, அது அவருடைய சொந்த மேசை. கப்பலில் எப்போதாவது தபால் வரும். வரும் தபாலில் படிவம் தவறாமல் இருக்கும்.

தொண்ணூற்றொன்றில் ஒரு காலை, எட்டு மணி இருக்கும், சிவமலர் ரீச்சர் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். இறங்கவில்லை, காலை ஊன்றியபடி நின்றே கதைத்தார்.

“யோகன், நல்லூரிலை டொக்டரிட்டை ஒரு பிள்ளைப்பெறு கேஸ். குருநகர்ப் பிள்ளை, இடம்பெயர்ந்து வந்து கோயில் மண்டபத்திலை இருக்கினம். விடியப் பிள்ளை பிறந்திட்டுது, தாய்க்கு இரத்தம் நிக்கேல்லை. துணி அடைச்சு வைச்சிருக்கினம். ஒப்பறேஷன் செய்ய வேணும், இரத்தம் கையிலை இல்லாமல் டொக்டர் தொடமாட்டாராம்.”

“என்ன வகை?”

“ஓ நெகற்றிவ். அதுக்கு அது மட்டும்தான் பொருந்தும். புருசன் விடிஞ்சதிலையிருந்து வீடு வீடாக் கேட்டுத் திரியிறான். உந்த மெஷினுக்குள்ள ஆக்கள் இருக்கினம், யோகன். எனக்குத் தெரியும், நாங்கள் ஏத்தினது. பேர்தான் ஞாபகம் இல்லை.”

“எவ்வளவு நேரம் இருக்கு?”

“பின்னேரத்துக்கு முன்னம் எண்டு சொன்னவர்.”

நாங்கள் அந்தப் பட்டியலை ஒருதடவை பிறிண்ட் எடுத்திருந்தோம். அதைச் சங்கத்திடம் கொடுத்திருந்தோம். சங்கத்தோடு அது போயிற்று. இன்னொரு பிரதி எடுக்கப் பிறிண்டர் நாடா இல்லாமல் கொழும்புக்கு எழுதியிருந்தோம்.

ரீச்சர் ஜெனறேற்றர் தேடிக் கோண்டாவிலுக்குப் போனார். அங்கே கந்தசாமி என்ற ஒருவர் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனறேற்றர் வைத்து ஊருக்கு வீடியோப் படம் காட்டி வந்தார். நான் உடுவிலுக்கு மிதித்தேன். ஜெனறேற்றர் கரண்ட் ஏறி இறங்கும்; நேரே கொடுத்தால் மெஷின் எரிந்துபோகும். கையால் திருகி வோல்ற்றை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவி ஒன்று எங்கள் கிளையில் இருந்தது. அது சேரின் இறாக்கையில், படிவங்களுக்குப் பக்கத்தில்.

இன்னொரு விசயமும் இருந்தது. கொம்பனி அங்கீகரிக்காத மின்சாரத்தில் மெஷினைப் பூட்டக்கூடாது, பூட்டுவதென்றால் கிளை மனேஜரின் எழுத்து மூல அனுமதி வேண்டும் என்பது விதி. மருதனார்மடச் சந்தியில் சந்தைச் சனத்துக்குள் சைக்கிளை உருட்டும்போது எனக்கு அந்த விதிதான் மூளையில் ஓடியது. கொழும்புக்கு எழுதினால் பதில் வர நான்கு மாதம்.

சேர் பூசை முடித்து வாசலுக்கு வந்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“உது வந்து யோகநாதன்...” என்றார். வசனம் நின்றது. முற்றத்தைப் பார்த்தார். “தாய்க்கு என்ன வயதாம்?”

“இருபத்திரண்டு, சேர்.”

உள்ளே போனார். கருவியை எடுத்துக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ரைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து தாள் இரண்டு, கார்பன் இரண்டு, இன்னொரு தாள் என்று விளிம்பு தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். கார்பன் பிரதி இரண்டு எடுக்கத் தாள் மூன்று வேண்டும். கார்பன் அப்போது கிடைக்காத சாமான். பழையதை வெயிலில் காட்டிப் பாவிப்பவர். அனுமதிக் கடிதத்தை ஒற்றை விரலால் அடித்தார். திகதி போட்டார். எழுத்துப்பிழை ஒன்றை அழித்து, ஊதி, மறுபடி அடித்தார். ஒப்பம் வைத்து, முத்திரை குத்தி, மை காயும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் போயிருக்கும். எனக்கு அவரைக் கழுத்தில் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

பிறகு சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, இறாக்கையிலிருந்த கருவியைத் தானே தூக்கித் தன் சைக்கிள் கரியரில் கட்டினார்.

“இப்ப போவம்,” என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரீச்சர் அறையைத் திறந்து வைத்திருந்தார். கந்தசாமி ஜெனறேற்றரை மாட்டுவண்டிலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். மெஷின்களின் பூவேலைச் சட்டைகள் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. சட்டையைக் கழற்றினேன். முதல் மெஷினுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. வயர்கள் நூலாகக் கிடந்தன. இரண்டாவதில் எறும்பு. மூன்றாவது பரவாயில்லை.

மூன்றாவதைப் பிரித்தேன். மின்சுற்றுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பொருந்தும் விளிம்பில் இருந்த களிம்பைப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்து எடுத்தேன். பிளொப்பித் தட்டை வாசிக்கும் முனையை, டொக்டர் கொடுத்துவிட்ட ஸ்பிரிற்றில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்தேன். பிறகு தட்டுகளைக் கேட்டேன். அந்தக் காலத்துத் தட்டு ஒரு சதுரக் கறுப்பு உறைக்குள் மெல்லிய வட்டத் தகடாக இருக்கும். மெஷினை இயக்கும் தட்டு ஒன்று. இரத்தப் பட்டியல் உள்ள தட்டுகள் இரண்டு, ஒன்று மற்றதன் பிரதி. ஈரம் படாமல் இருக்க ரீச்சர் மூன்றையும் பால்மாப் பேணியில் அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தார்.

இயக்கும் தட்டு சுத்தம். பட்டியல் தட்டுகள் இரண்டிலும் பூஞ்சணம், வெள்ளைப் புள்ளி புள்ளியாக. அப்படியே போட்டால் வாசிக்கும் முனையில் அது ஒட்டும், பிறகு தட்டும் இல்லை மெஷினும் இல்லை.

“கழுவலாமோ?” என்று கேட்டார் ரீச்சர்.

கொம்பனியின் கைநூலில் தட்டை விரலால் தொடக்கூடாது என்று படம் போட்டு, படத்துக்கு மேல் சிவப்புக் கோடு கீறியிருந்தது. கழுவுவது பற்றி ஒன்றும் இல்லை. அப்படி ஒருத்தன் செய்வான் என்று அவர்கள் நினைக்கவில்லை.

புள்ளி குறைந்த தட்டைப் பிறகுக்கு வைத்துவிட்டு, மோசமானதில் முதலில் செய்துபார்த்தேன். உறையின் மேல் விளிம்பைச் சவர அலகால் கீறி, தகட்டை நடுத் துளையில் சுண்டுவிரல் கொடுத்து வெளியே எடுத்தேன். இரசாயன ஆய்வுகூடத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் மிச்சம் இருந்தது. ரீச்சர் ஊற்ற, நான் தகட்டைச் சுழற்றிச் சுழற்றிப் பிடித்தேன். பஞ்சால் அழுத்தாமல் ஒற்றினேன். நிழலில் நூலில் தொங்கவிட்டோம். அது காய்ந்த இருபது நிமிடத்தில், பாவிக்காத புதுத் தட்டு ஒன்றின் உறையைக் கீறி வெறுமையாக்கினேன்; காய்ந்ததை அதற்குள் இட்டேன். பிறகு மற்றதற்கும் அப்படியே.

வெளியில் கந்தசாமி ஜெனறேற்றரை இழுத்து ஸ்ராட் பண்ணினார். சேர் வாசலில் கதிரை போட்டுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்துத் திருகினார்.

“நூற்றி எண்பது. இருநூற்றிப் பத்து. கூடுது, கூடுது. இருநூற்றி முப்பது. நிக்குது, யோகநாதன். போடும்.”

எட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து முழுதாக வந்த வசனங்களை நான் அன்றுதான் கேட்டேன்.

ஜெனறேற்றர் சத்தம் கேட்டு ஒழுங்கைச் சனம் மதிலுக்கு மேலால் தலை நீட்டியது. “என்ன படம் போடுறியள்?” என்று ஒரு மனிசி கேட்டார். ஆங்கிலப் படம் என்று கந்தசாமி சொல்ல, பாதிப்பேர் போய்விட்டார்கள்.

முதல் தட்டு வாசிக்கவில்லை. கரகரவென்று சுழன்று, பிழை என்று எழுதிவிட்டு நின்றது. இரண்டாவதைப் போட்டேன். சுழன்றது. நின்றது. மறுபடி சுழன்றது. ரீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் பச்சை எழுத்தில் பட்டியல் வந்தது. இடையிடையே சில பெயர்கள் கந்தலாக இருந்தன. வகையைக் கொடுத்துத் தேடச் சொன்னேன்.

நான்கு பேர்.

நான் வாசிக்க ரீச்சர் எழுதினார். முதல் ஆள் இணுவில். “இவர் போன வருசம் ஜேர்மனிக்குப் போட்டார்,” என்றார். இரண்டாவது நல்லூர், ரீச்சரின் பழைய மாணவி ஒருத்தி. ரீச்சர் எழுதவில்லை. “அவள் இல்லை,” என்றார், அவ்வளவுதான். மூன்றாவது சாவகச்சேரி, சந்தைக்குப் பின்பக்கம், தையற்கடை. அதை ரீச்சர் எழுதிக் கிழித்து வாசலில் நின்றவனிடம் கொடுத்தார். அப்போதுதான் அவனைக் கவனித்தேன். மரியதாஸ், அந்தப் பெண்ணின் புருசன். எப்போது வந்தான் என்று தெரியாது. தாளை வாங்கி மடித்துச் சேர்ட்டுப் பைக்குள் வைத்து, சைக்கிளில் ஏறினான். சாவகச்சேரி போய்வர இருபது மைல்.

நான்காவதை வாசித்தேன். “நடேசபிள்ளை. உடுவில். கொம்பனி மனேஜர். வாசலில் செவ்வரத்தை.”

வாசலிலிருந்து, “இருநூற்றி முப்பது,” என்று சேர் சொன்னார்.

ரீச்சர் திரும்பினார். “சேர், உங்கடை இரத்தம் என்ன வகை?”

“தெரியாது. ஏன்?”

“நீங்கள் எங்கடை பள்ளிக்கூடத்திலை ஒருக்கால் இரத்தம் குடுத்தனீங்களெல்லே?”

சேர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அது வந்து... அது படத்துக்கு.”

உண்மைதான். எண்பத்தொன்பதில் பாடசாலையில் அந்தச் சங்கம் ஓர் இரத்ததான முகாம் நடத்தியது. சமூகக் கட்டத்துக்குப் படம் வேண்டும், அதில் ஊழியர் ஒருவர் பங்குபற்றுவது தெரிய வேண்டும் என்று கொழும்பிலிருந்து எழுதியிருந்தார்கள். சேர் கொம்பனிப் பெயர் எழுதிய சீலைக்குக் கீழே கட்டிலில் படுத்தார். படம் எடுத்தாயிற்று. ஆனால் தாதிக்கு அது படத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை. அவள் ஊசியைக் குத்தி ஒரு பைந்து இரத்தம் எடுத்துவிட்டாள். பிறகு கொடுத்த அட்டையைச் சேர் வாசித்தும் பார்க்காமல், ஆதாரமாகப் படிவத்தோடு இணைத்துக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்.

ஜெனறேற்றரை நிற்பாட்டினோம். சேர் கதிரையில் அப்படியே இருந்தார்.

“என்ரை இரத்தம் அந்தப் பிள்ளைக்குப் பொருந்துமோ?” என்று கேட்டார். “நான் மச்ச மாமிசம் தொடாத ஆள்.”

“அதை டொக்டர் பாக்கமாட்டார், சேர்,” என்றார் ரீச்சர்.

டொக்டர் அவரை நிறுத்துப் பார்த்து, வயதைக் கேட்டு, இரண்டு இரத்தத்தையும் கலந்து சோதித்துவிட்டுப் படுக்கச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். ஊசி ஏறியபோது சேர் கூரையைப் பார்த்தபடி, “இதுக்கு ஏதும் படிவம் நிரப்ப வேணுமோ?” என்று கேட்டார். டொக்டர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

மரியதாஸ் மூன்று மணிக்கு முன்னமே தையற்காரரைத் தன் சைக்கிள் பாரில் வைத்து மிதித்துக்கொண்டு வந்தான். இறங்கி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். ஐந்து மணிக்கு டொக்டர் வெளியே வந்து, “இனிப் பயமில்லை,” என்றார். பிறந்தது பெண்பிள்ளை என்று அப்போதுதான் எங்களில் ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அடுத்த நாளே ரீச்சர் கந்தசாமியிடம் இன்னும் இரண்டு நாள் ஜெனறேற்றர் கேட்டார். பிள்ளைகள் திரையைப் பார்த்துப் பட்டியல் முழுவதையும் கொப்பிகளில் கையால் எழுதினார்கள். அட்டையிலிருந்து மெஷினுக்கு ஏற்ற ஒரு வருடம்; மெஷினிலிருந்து கொப்பிக்கு இறக்க இரண்டு நாள். அதன் பிறகு அந்த மெஷின்கள் ஓடவில்லை, கொப்பிகள் ஓடின. தொண்ணூற்றைந்தில் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஊரை விட்டு எழும்பி நடந்தபோது ரீச்சர் உரப்பையில் அந்தக் கொப்பிகளோடுதான் தென்மராட்சிக்குப் போனார். அங்கேயும் அவை தேவைப்பட்டன.

அந்த மூன்று மாதத்துக்கான படிவத்தைச் சேர் ஒரு சொல்லும் மறைக்காமல் நிரப்பினார். கல்வி: இல்லை. ஆராய்ச்சி: இல்லை. சமூகம்: ஒரு தாய். படம்: எடுக்கப்படவில்லை. இணைப்பு: அனுமதிக் கடிதத்தின் பிரதி.

பதில் ஏழு மாதம் கழித்து வந்தது. தடித்த நல்ல தாளில் இரண்டு பக்கம். திட்டத்துக்குக் கொடுத்த மெஷினைத் திட்டத்தில் இல்லாத காரியத்துக்கு, அங்கீகாரம் இல்லாத மின்சாரத்தில் ஓட்டியது பாரதூரமான தவறு என்றும், பதினான்கு நாளுக்குள் மூன்று கேள்விகளுக்கு விளக்கம் வேண்டும் என்றும் எழுதியிருந்தது. பதினான்கு நாள் கப்பலிலேயே முடிந்துபோயிருந்தது. சேர் அதை இரண்டு தரம் வாசித்து, மேசையில் வைத்து, மேலே கண்ணாடிக் குண்டை வைத்தார். முகம் கறுத்திருந்தது. இருபத்தேழு வருட வேலையில் அவருக்கு வந்த முதல் கண்டனக் கடிதம் அது.

அன்று பகல்தான் மரியதாசும் மனைவி ஸ்ரெல்லாவும் குழந்தையோடு வந்தார்கள். நான் மேசைக்கு மறுபக்கம் ஒரு ரைப்ரைட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். கடலுக்குப் போகத் தடை இருந்த காலம். கரையோடு கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிப் பிடித்திருக்க வேண்டும். ஓலைப் பட்டைக்குள் ஒரு விளைமீன், முழங்கை நீளம்.

நான் திடுக்கிட்டேன். அந்த வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. உள்ளே குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. சேரின் மனைவிக்கு மணம் போயிருக்கும்.

“ஐயாவுக்கு எண்டு கொண்டந்தனான்,” என்று மரியதாஸ் இரண்டு கையாலும் நீட்டினான். அவனுக்குத் தெரியாது.

சேர் எழும்பினார். சால்வையைத் தோளில் சரிசெய்து, அதை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“இவ இப்ப மீனே தின்னுறா இல்லை, ஐயா,” என்றான் மரியதாஸ். “கத்தரிக்காய்தான் கேக்கிறா. உங்கடை இரத்தம் எண்டு பகிடி பண்ணுறம்.”

ஸ்ரெல்லா தலையைக் குனிந்து சிரித்தாள். பிறகு குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்: “ஐயாவின்ரை முழுப்பேர் என்ன? ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலை சொல்லி மன்றாட வேணும்.”

சேர் சொன்னார். அவள் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு மீனை என்னிடம் தந்து, “வீட்டை கொண்டுபோம், உம்மடை மனிசி சமைப்பா,” என்றார். வெளியே கிணற்றடியில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்ணாடிக் குண்டை எடுத்துவிட்டுக் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“யோகநாதன், தாள் போடும். கொழும்புக்கு எழுதுவம்.”

நான் என் வேலையை ஒதுக்கிவிட்டு, கிளை ரைப்ரைட்டரில் தாள்களையும் கார்பனையும் செருகினேன். முதல் கேள்வி, யார் அனுமதித்தது. “நான்,” என்றார். இரண்டாவது, மின்சாரம் எங்கிருந்து பெறப்பட்டது. “வீடியோப் படம் காட்டுபவரிடமிருந்து இரவலாக,” என்றார். மூன்றாவது கேள்வி, இச்செயலால் கொம்பனியின் பெயருக்கு விளைந்த நன்மை யாது என்பது. சேர் அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தார். வசனம் நின்றுவிடும் என்று நினைத்துக் கையை விசையிலிருந்து எடுத்தேன்.

“அடியும்,” என்றார். “வந்தவர்கள் என் பெயரைக் கேட்டார்கள். கொம்பனியின் பெயரை யாரும் கேட்கவில்லை.”